கடைசி வீட்டுச் செல்லியம்மா

திருப்பதி,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ரூபா எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ, மாமா, ஜெயம்மா அத்தை, கன்று போட்ட சிவப்பி எல்லோரும் சுகம்தானே?

கோச்சிங் விடுதிக்கு வந்த அன்றே செல்போனை வாங்கி, பெயர்ச் சீட்டு ஒட்டி, இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். பரீட்சை முடிந்தால்தான் கிடைக்குமாம். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் போனில் பேசலாம். ஆனால் அத்தனை பெண்களும் வரிசையில் நிற்க, வார்டன் அம்மா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்பார். அதில் என்னத்தைப் பேசுவது? அதனால் கடிதம்தான். பத்தாவதில் இங்கிலீஷில் முதல் மார்க் வாங்கியவள் நீ. எழுத வராது என்று தப்பிக்கப் பார்க்காதே.

மே 24ஆம் தேதி நர்சுகளுக்கான இங்கிலீஷ் பரீட்சை. இந்த முறையும் கோட்டை விட்டால் அயர்லாந்து வேலை போச்சு. அதற்குமேல் காத்திருக்க மாட்டோம் என்று அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் எழுதிவிட்டார்கள். போன முறை ஏன் தோற்றேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன், சிரிக்காதே. நோயாளியாக நடித்த அம்மாள் 'ஐ கீப் த்ரோயிங் அப்' என்றார். 'த்ரோ' என்றால் எறிவது என்றுதானே நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? எதை எறிகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். பாவம், அவர் வாந்தி வருகிறது என்று சொல்லியிருக்கிறார்.

இங்கே திலீப் சார் என்று ஒருவர் சொல்லித்தருகிறார். "புத்தகத்தில் இருக்கிற நோயாளி நிஜத்தில் பேசமாட்டார். உங்கள் ஊரில் ஒருவரைப் பிடித்து, அவர் படுகிற அவஸ்தையை அவர் சொல்கிற மாதிரியே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அதை நீங்கள் இங்கிலீஷ்காரர் வீட்டுப் பேச்சாக மாற்றுங்கள்" என்கிறார். அக்கா, எனக்கு ஒரு நோயாளி வேண்டும். சீக்கிரம் பிடித்துக் கொடு.

அம்மாவும் நைனாவும் இல்லாத வீட்டுக்கு எல்லாமாக இருக்கும் உன்னை நினைத்தபடி,
ரூபா


மாமிடிகுப்பம், கங்காதர நெல்லூர் மண்டலம்,
17 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை ரூபாவுக்கு,

யமுனாவின் ஆசிகள். நாங்கள் சுகம். சிவப்பி மட்டும் தீவனத்தில் குற்றம் கண்டுபிடிக்கிறாள். உன் சாப்பாடு எப்படி? காலையில் பட்டினி கிடந்து படிக்கிற பழக்கத்தை அங்கேயும் ஆரம்பித்துவிடாதே.

நோயாளி பிடித்துக் கொடு என்று கோழி பிடிக்கச் சொல்வதுபோலக் கேட்கிறாய். இருந்தாலும் ஒருத்தி அகப்பட்டாள். தெருவின் கடைசி வீட்டுச் செல்லியம்மா. நீ பெங்களூரில் வேலை பார்த்தபோது குடிவந்தவள், உனக்குத் தெரியாது. என் வயதுதான் இருக்கும். பத்தாவது படிக்கிற பையன் இருக்கிறான். உடம்புக்கு என்ன என்று கேட்டதுதான் தாமதம், கொட்டிவிட்டாள்.

"இன்னா துன்னாலும் வயித்துல நிக்கல யமுனா. ரசஞ்சோறு துன்னாகூட அப்பிடியே வெளிய வந்துடுது. நேத்து மாட்டுக்கொட்டாயில சாணி அள்ளிக்கினு இருந்தேன். கண்ணு இருட்டிக்கினு வந்துச்சு. கம்பத்தப் புடிச்சிக்கினு அப்பிடியே குந்திட்டேன்."

இதை உன் துரைமார் எப்படிச் சொல்வார்கள் என்று எழுது. நானும் கற்றுக்கொள்கிறேன்.

மாமா மாம்பழ சீசனுக்கு டெம்போவைத் தயார் செய்கிறார். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

உன் அக்கா,
யமுனா


திருப்பதி,
25 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. நான் சுகம். சாம்பார் மட்டும் தண்ணீரோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு, செல்லியம்மாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. திலீப் சார் அவள் பேச்சைக் கேட்டுவிட்டு "இதுதான் நோயாளி" என்றார்.

வாந்தி எடுத்தால் 'த்ரோ அப்'. குப்பையில் போட்டால் 'த்ரோ அவே'. வீட்டைவிட்டுத் துரத்தினால் 'த்ரோ அவுட்'. தலை ஒன்றுதான், வால்தான் வேறு. "தலையைப் பார்த்து ஏமாறாதே, வாலைப் பார்" என்பது சாருடைய மந்திரம். மயங்கி விழுந்தால் 'பாஸ் அவுட்'. 'பாஸ் அவே' என்றால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். என் அறையில் நாயுடுபேட்டைப் பெண் ஒருத்தி, "என் நோயாளி பாஸ் அவே ஆனார், முகத்தில் தண்ணீர் தெளித்தேன், எழுந்து காபி கேட்டார்" என்று வகுப்பில் சொல்ல, சார் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார்.

செல்லியம்மா விழுந்தாளா, குந்தினாளா என்று சரியாகக் கேட்டு எழுது. குந்தினால் 'பாஸ் அவுட்' ஆகாது. ரத்தம் குறைவாக இருக்கும், டாக்டரிடம் காட்டச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். நீ மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருப்பதாக மாமா சொன்னார். பின்னால் இருமியது யார்?

உன் தங்கை,
ரூபா


மாமிடிகுப்பம்,
21 மார்ச் 2025

அன்பு ரூபாவுக்கு,

ஆசிகள். தாமதமாக எழுதுகிறேன், கோபிக்காதே. கரும்பு வெட்டு, ஆட்களுக்குச் சமையல், பால் டிப்போ என்று நாள் போவதே தெரியவில்லை. நீ இளைத்துவிட்டாயா? தயிர் கிடைக்கிறதா?

அன்று மாடு இருமியிருக்கும். எல்லாவற்றையும் போலீஸ்காரி மாதிரி கேட்காதே.

செல்லியம்மா குந்தினாள், விழவில்லை. வாந்தி நின்றுவிட்டது. சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இப்போது கால் பிரச்சினை. "சாயங்காலம் ஆனா காலு பூசணிக்கா மாதிரி ஆயிடுது. விரலால அமுக்கினா குழி வுழுது. காலீல எந்திரிச்சா கொறஞ்சிருக்குது" என்கிறாள். இது எப்படி?

ஜெயம்மா அத்தை கங்கையம்மனுக்கு மறுபடி வேண்டிக்கொண்டிருக்கிறார். இரண்டு முறை என் வயிற்றில் தங்காமல் போன பிறகு அவர் வேண்டாத சாமி இல்லை, உனக்கே தெரியும். இந்த வருஷம் ஊர்த் திருவிழாவான ஜாத்திரைக்கு வீட்டோடு காப்புக் கட்டிப் பொங்கல் வைக்கிறாராம். அதுவரைக்கும்... சரி, அதை விடு.

நன்றாகப் படி. உன் முகம் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

யமுனா


திருப்பதி,
30 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

நலம். நீ நலமா என்று கேட்டால் மாடு, கரும்பு, பால் டிப்போ என்று பதில் வருகிறது. உன்னைப் பற்றி ஒரு வரி எழுதினால் கை சுளுக்கிக்கொள்ளுமா?

செல்லியம்மா விஷயம். வீக்கம் குறைந்தால் 'கோ டவுன்'. அடியோடு போய்விட்டால் 'கோ அவே'. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். நர்சு இதில் தப்பினால் நோயாளி கெட்டாள். வலி மாத்திரையின் வேகம் மெல்ல இறங்கினால் 'வேர் ஆஃப்'. ஆளே ஓய்ந்துபோனால் 'வேர் அவுட்'. நான் இப்போது முழுக்க 'வேர் அவுட்'.

நான் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த மாங்காய் மெட்டியைப் போட்டிருக்கிறாயா? நாமாகக் கழற்றினால் 'டேக் ஆஃப்', தானாகக் கழன்று வந்தால் 'கம் ஆஃப்'. நீ இரண்டுக்கும் விடாதே.

மாமாவோடு பஸ் ஏறி ஒருநாள் வாயேன். மலைக்குப் போய்ச் சாமி பார்த்துவிட்டு, போகிற வழியில் என்னையும் பார்த்ததாக இருக்கும். நாயுடுபேட்டைப் பெண்ணுக்கு வாராவாரம் யாராவது முறுக்கோடு வருகிறார்கள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. வெளிப்படையாகவே சொல்கிறேன், அழுகையாகவும் இருக்கிறது.

ரூபா


மாமிடிகுப்பம்,
25 ஏப்ரல் 2025

என் செல்லத் தங்கைக்கு,

ஆசிகள். நீ அழுதாய் என்று படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வர ஆசைதான். சிவப்பியை யாரிடம் விட்டு வருவது? அத்தைக்கு முழங்கால் வலி. மாமாவுக்கு டெம்போ. இதையெல்லாம் சாக்கு என்று நினைத்தால் நினைத்துக்கொள். பரீட்சை முடிந்து நீ வருவாயே, அப்போது மடியில் படுக்கவைத்துத் தலை பார்த்துவிடுகிறேன்.

செல்லியம்மா ஒரு ரகசியம் சொன்னாள். அவள் முழுகாமல் இருக்கிறாளாம். ஏழாம் மாதம். மீசை முளைத்த பையன் இருக்கும்போது என்ன இது என்று வெட்கம், அதனால் மூடி மறைத்திருக்கிறாள். நீ யாரிடமும் சொல்லாதே. சொல்லவும் அங்கே யார் இருக்கிறார்கள், வார்டனைத் தவிர?

கால் வீக்கம் 'கோ டவுன்' ஆகிறது, 'கோ அவே' ஆகவில்லை. சரியாகச் சொன்னேனா? இப்போது காலையில் முகமும் கொஞ்சம் உப்பியிருக்கிறது. "கண்ணாடி பாத்தா வேற யாரோ கீறா மாதிரி கீது" என்று சிரிக்கிறாள். இதெல்லாம் வழக்கமாக வருவதுதானே? அவளுக்குத் தைரியமாக நாலு வார்த்தை எழுது. உன் பேச்சை நம்புகிறாள்.

யமுனா


திருப்பதி,
4 மே 2025

அன்புள்ள அக்கா,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. மாதிரிப் பரீட்சையில் மறுபடி தோற்றேன். திலீப் சார் எல்லோர் முன்னாலும், "உனக்கு எல்லா வாலும் தெரியும், ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளின் முகத்தைப் பார்க்கிறாயா?" என்று கேட்டார். ஊர் முழுக்கக் கங்கம்மா ஜாத்திரை மேளம் வேறு. ஒரு வரி மண்டையில் ஏறவில்லை.

ஏழாம் மாதம் என்பதை இவ்வளவு நாள் கழித்தா சொல்வது? உன் செல்லியம்மாவை நான் என்ன செய்தால் தகும்? உடனே பி.பி. பார்க்கச் சொல். இதை அவளிடம் அழுத்திச் சொல்லிவிடு: மாத்திரைக்கும் அடங்காத தலைவலி, கண்முன் பூச்சி பறப்பது, நெஞ்சுக்குக் கீழே மேல்வயிற்றில் வலி, இவற்றில் ஒன்று வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தள்ளிப்போடுவதற்கு 'புட் ஆஃப்' என்று பெயர். இதில் அது கூடவே கூடாது. அடியோடு ரத்து செய்தால் 'கால் ஆஃப்'. பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டால் 'புட் அப் வித்'. நம் ஊர்ப் பெண்களுக்குக் கடைசியில் சொன்னதுதான் நன்றாக வரும்.

போன கடிதத்தில் நீ எழுதிய இங்கிலீஷைத் திருத்தி, சிவப்பு மையில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். இப்போது எனக்கு மூச்சுவிட நேரமில்லை. பரீட்சை முடியட்டும், செல்லியம்மாவை நானே வந்து பார்க்கிறேன்.

ரூபா


மாமிடிகுப்பம்,
20 மே 2025

அன்பு ரூபாவுக்கு,

ஆசிகள். சனிக்கிழமை பரீட்சை. விபூதி வைத்திருக்கிறேன், பூசிக்கொண்டு போ. தைரியமாக எழுது. என்ன நடந்தாலும் அதை எழுதாமல் வராதே. இது அக்காவின் கட்டளை.

இன்று காலை ஊரில் காப்புக் கட்டிவிட்டார்கள். எங்கள் மூவர் கையிலும் மஞ்சள் நூல். அடுத்த புதன்கிழமை ஜாத்திரை முடியும்வரை யாரும் எல்லை தாண்டக் கூடாது. தபால்காரர் வெளியூர் என்பதால் இந்தக் கடிதம் மட்டும் தாண்டும். இரண்டாவது முறை நான் காப்புக் கட்டிய கையோடு சித்தூருக்கு ஸ்கேன் எடுக்கப் போனேனே, அதனால்தான் அந்தப் பிள்ளை போயிற்று என்று அத்தை இன்னும் நம்புகிறார். நான் நம்புகிறேனா என்று கேட்காதே.

செல்லியம்மாவுக்கு இரண்டு நாளாகத் தலைவலி. "மாத்திர போட்டாலும் அடங்கல. மண்டைக்குள்ள யாரோ உரல் இடிச்சிக்கினு கீறாங்க. கண்ணு முன்னால மின்மினி பறக்குது. நெஞ்சுக்கு கீழ யாரோ முட்டி வெச்சு அமுக்குற மாதிரி கீது." மெட்டி 'கம் ஆஃப்' ஆகவில்லை. விரல் நீலமாகிவிட்டது. ஆசாரியைக் கூப்பிட்டு மாங்காயின் மூக்குப் பக்கமாக அறுத்து எடுத்தோம். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அவளும் காப்புக் கட்டியவள். நீ சொன்னதையெல்லாம் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்று கேட்கிறாள்: புதன்கிழமை வரைக்கும் 'புட் ஆஃப்' செய்யலாமா? ஒரு வாரம்தானே? பரீட்சை முடிந்த பிறகு நிதானமாகப் பதில் எழுது. அவசரம் இல்லை.

யமு


சித்தூர் ஆஸ்பத்திரி வராந்தா,
23 மே 2025

அக்கா,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க முடியவில்லை. நீ கதவுக்கு அந்தப் பக்கம் கண் மூடிக் கிடக்கிறாய். என்னை உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள். நானும் நர்சுதான் என்று சொல்லிப் பார்த்தேன். "நர்சுன்னா ஒங்களுக்கே தெரியணும்மா, வெளிய குந்துங்க" என்றாள் அங்கிருந்த நர்சு. அதனால் எழுதுகிறேன். கண் திறந்ததும் நீ படிக்க வேண்டும். படித்து என்னைத் திட்ட வேண்டும்.

உன் கடிதம் நேற்று மதியச் சாப்பாட்டின்போது வந்தது. எழுத்து கோட்டைவிட்டுக் கீழே கீழே இறங்கியிருந்தது. பழக்க தோஷம், முதலில் பேனாவை எடுத்து ஒவ்வொரு அவஸ்தைக்கும் இங்கிலீஷ் யோசித்தேன். மாங்காயின் மூக்கு என்ற இடத்தில் கை நின்றது. அந்த மெட்டியை நகைக்கடையில் நான்தானே பொறுக்கி எடுத்தேன்? மாங்காய் மூக்கு இவ்வளவு நீளமா என்று நீதானே கேலி செய்தாய்? சாப்பாட்டுக் கையோடு ஆபீசுக்கு ஓடினேன். இன்று ஞாயிறு இல்லையே என்றார் வார்டன். நான் என்ன கத்தினேனோ, அவர் போனை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து நின்றுகொண்டார்.

மாமாதான் எடுத்தார்.

"மாமா, செல்லியம்மாகிட்ட போனக் குடுங்க."

"எந்தச் செல்லியம்மா? நம்ம ஊர்ல அப்பிடி யாரும் இல்லியே."

"தெருவுல கடைசி வீடு?"

"கடைசி வீடு நம்ம வீடுதானே ரூபா. இன்னா ஆச்சு ஒனக்கு?"

கடைசி வீடு. ஆமாம், நம் வீடுதான். இத்தனை கடிதத்தில் அது எனக்கு உறைக்கவில்லை அக்கா. உனக்கு எத்தனை மாதம் என்று கேட்டேன். மாமா குரலைத் தாழ்த்தி, "எட்டு. ஜாத்திர முடியிற வரைக்கும் ஊட்டுல யாரும் வாயால சொல்லக் கூடாதுன்னு அம்மா வேண்டிக்கினு கீது" என்றார். நூற்றெட்டு வண்டியைக் கூப்பிடுங்கள் என்றேன். அத்தை போனை வாங்கினார். "காப்புக் கட்டிக்கினு எல்லைய தாண்டினா ஆத்தா எடுத்துக்கினு பூடுவா. ரெண்டு போச்சு. இத்தையும் தரமாட்டேன்" என்று வைத்துவிட்டார். நானே வண்டிக்குச் சொல்லிவிட்டு, போட்டிருந்த துணியோடு பஸ் ஏறினேன்.

வழியெல்லாம் உன் கடிதங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நீ வீங்கிக்கொண்டே வந்திருக்கிறாய். நான் வால் திருத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். அந்தச் சிவப்பு மைக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. எனக்கு அதை நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

நான் வந்தபோது, அத்தை உன்னை ஏற்றவிடாததால், வண்டி வாசலிலேயே காத்து நின்றது. நீ நடையில் கம்பத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்து, "பரீச்ச?" என்று கேட்டாய். அத்தை குறுக்கே நின்றார். சண்டை போடத்தான் வாய் திறந்தேன். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பிடிவாதக்காரர் இல்லை அக்கா, பயந்துபோய் நின்றார். உன் கையைத் தூக்கிக் காட்டினேன்.

"அத்த, இங்க பாருங்க. நூலு சதைக்குள்ள எறங்கிக்கினு கீது. கையி இவ்ளோ வீங்கினா உள்ள இன்னா ஆவும்?"

அவர் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தார். நான் கத்தரிக்கோல் எடுக்கப் போனேன். "காப்புல இரும்பு படக் கூடாது" என்று தடுத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, உன் மணிக்கட்டைத் தன் வாய்க்குக் கொண்டுபோய், பல்லால் கடித்து அறுத்தார். அறுத்த நூலைத் தன் கையில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். பிறகு மாமாவைக் கூப்பிட்டு அவர் காப்பையும் கடித்து எடுத்துக் கட்டிக்கொண்டார்.

"மூணு பேரு காப்பும் என் கையில கீது. நான் எல்லைய தாண்டமாட்டேன். ஆத்தா கேட்டா என்னக் கேக்கட்டும். நீ இட்டுக்கினு போ, ரூபா. ஓடு."

எல்லைக் கல்வரை வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவந்து நின்றுவிட்டார். அந்த முழங்காலோடு. வண்டி திரும்பும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

கங்காதர நெல்லூர் தாண்டியதும் உனக்கு வலிப்பு வந்தது. நாக்கைக் கடித்துக்கொள்ளாமல், மூச்சு அடைக்காமல் உன்னை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன். அவர்களில் யாரும் என் அக்கா இல்லை. வந்ததும் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். மாமா அந்தக் கதவுக்கும் இந்தக் கதவுக்கும் நடந்துகொண்டிருக்கிறார்.

டாக்டர் அம்மா வெளியே வந்து இங்கிலீஷில் சொன்னார்: 'ஐ திங்க் ஷி வில் புல் த்ரூ.' காய்ச்சல், சளி தேறினால் 'கெட் ஓவர்' என்போம். 'புல் த்ரூ' அப்படி இல்லை. விளிம்பு வரைக்கும் போனவர்களுக்குத்தான் அதைச் சொல்வார்கள். சொன்னவர் 'ஐ திங்க்' என்றும் சேர்த்துக்கொண்டாரே, அதுதான் என்னைத் தின்கிறது. மயக்கம் தெளிந்து கண் திறப்பது 'கம் ரவுண்ட்'. அதை நான் உனக்கு இன்னும் சொல்லித்தரவில்லை. கண் திற அக்கா. சொல்லித்தருகிறேன்.

நாளைக்குப் பரீட்சை. போகவில்லை. உன் கட்டளையை மீறுகிறேன். முடிந்தால் எழுந்து வந்து அடி.

ரூபா


திருப்பதி,
3 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

தையல் போட்ட இடத்தில் வலி எப்படி? பி.பி. மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாயா? பெட்டிக்குள் இருக்கிறவள் பால் எவ்வளவு குடிக்கிறாள்? மூன்றுக்கும் மாட்டைக் காட்டாமல் பதில் வேண்டும்.

விடுதியில் என் துணிப்பெட்டியை எடுக்க வந்தேன். திலீப் சார் என்னைப் போகவிடவில்லை. ஜூலைப் பரீட்சைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அயர்லாந்துக்காரர்கள், அதுவரை இடம் இருந்தால் பார்க்கலாம் என்று பதில் போட்டிருக்கிறார்கள். 'கால் ஆஃப்' ஆகவில்லை, 'புட் ஆஃப்'தான். அதுவும் எவ்வளவு தூரத்துக்கு நிஜம் என்று தெரியாது. கிடைக்காவிட்டாலும் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். வருத்தம்தான். ஆனால் அந்தச் சனிக்கிழமை திரும்பி வந்தாலும் நான் அந்த வராந்தாவில்தான் உட்கார்ந்திருப்பேன்.

போன் கைக்கு வந்துவிட்டது. இருந்தாலும் இதைக் கடிதத்தில்தான் கேட்க முடிகிறது. ஏன் அக்கா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? செல்லியம்மா என்று ஒருத்தி இல்லவே இல்லை. இல்லாத ஒருத்திக்கு இத்தனை நாள் கும்பிடு சொல்லிக்கொண்டிருந்தேன். சரி போகட்டும், ஜூலைக்கு எனக்கு வேறு நோயாளி வேண்டும்.

ரூபா


சித்தூர் ஆஸ்பத்திரி,
8 ஜூன் 2025

என் உயிர்த் தங்கைக்கு,

ஆசிகள். வலி குறைகிறது, மாத்திரை போடுகிறேன், பால் குடிக்கிறாள். போதுமா போலீஸ்காரி?

ஏன் என்று கேட்டாய். இரண்டு முறை ஊர் முழுக்கச் சொன்னேன், இரண்டு முறையும் ஊர் முழுக்க வந்து துக்கம் கேட்டது. இந்த முறை வாயைத் திறக்கவே பயமாக இருந்தது ரூபா. அத்தை வேண்டிக்கொண்டது எனக்கும் வசதியாகப் போயிற்று. ஆனால் உன்னிடம் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. நீ நோயாளி கேட்டாய். என் வாயால் சொல்லவில்லை, கையால்தான் எழுதினேன், அதுவும் செல்லியம்மா பெயரில். ஆத்தா கேட்டிருந்தால் இந்த வக்கீல் பேச்சைத்தான் பேசியிருப்பேன். நீ கண்டுபிடித்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு கடிதத்திலும் ஜாக்கிரதையாக எழுதினேன். கண்டுபிடிக்க மாட்டாயா என்று ஒவ்வொரு பதிலிலும் தேடினேன்.

ஜாத்திரை முடிந்த மறுநாள் அத்தை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் நூல் இல்லை. மூன்று நூலின் தடமும் அப்படியே இருந்தது. பெட்டிக்கு முன்னால் நின்று, "நான் தாண்டலடி, ஒன்ன உட்டுட்டு அங்கியே குந்திக்கினு இருந்தேன்" என்று குழந்தையிடம் சொல்லிச் சொல்லி அழுதார். இப்போது வாய்க்கட்டு அவிழ்ந்துவிட்டது. வார்டில் இருக்கிறவர்கள், டீக்காரர், வாட்ச்மேன், யாரையும் விடாமல் பேத்தி பிறந்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

செல்லியம்மா என்று ஒருத்தி இல்லவே இல்லை என்று யார் உனக்குச் சொன்னது? கடிதக் கதையை மாமா அத்தையிடம் உளறிவிட்டார். "ரெண்டு உசுரக் காப்பாத்தினது அந்தச் செல்லியம்மாதான். அந்தப் பேரே இருக்கட்டும்" என்று அத்தை சொல்லி, ஆஸ்பத்திரியில் எழுதியும் கொடுத்துவிட்டார். நேற்றுத்தான் அவளைப் பெட்டியிலிருந்து எடுத்து என் மடியில் போட்டார்கள். உன் மூக்கு. மாங்காய் மூக்கு.

ஜூலைக்கு வேறு நோயாளியைத் தேடிக்கொள். இனிமேல் செல்லியம்மாவுக்காக நான் எழுதமாட்டேன். அவள் கஷ்டத்தை அவள் வாயாலேயே சொல்கிறாள், வார்டு முழுக்கக் கேட்கிறது.

உன் அக்கா,
யமுனா